32 விடைத்தாள்களில் 4 ஐ எடுத்தார், ஒன்றுகூட டபிள்யூ இல்லை: இதற்கு வாய்ப்பு எவ்வளவு?

துணுக்காய்க் கணக்கு
வெள்ளி, இரவு 8.10

அனைவருக்கும் வணக்கம். துணுக்காய்ப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் கணிதம் கற்பிக்கிறேன். பாடசாலையின் பெயரைக் கேட்க வேண்டாம். கேள்வி நிகழ்தகவு பற்றியது. கொஞ்சம் வயிற்றெரிச்சலும் கலந்தது.

11ஆம் தரத்துக்கு இரண்டாம் தவணைப் பரீட்சை முடிந்தது. 32 பேர் எழுதினார்கள். முடிவுகள்: ஏ 4, பி 5, சி 9, எஸ் 6, டபிள்யூ 8. அதாவது நான்கில் ஒரு பிள்ளை 35 புள்ளியைத் தொடவில்லை. இந்த எட்டுப் பேருக்கும் பாடசாலை முடிந்த பின் மேலதிக வகுப்பு வைக்க அனுமதி கேட்டு அதிபருக்கு எழுதியிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை வெளியிலிருந்து ஓர் அதிகாரி மேற்பார்வைக்கு வந்தார். மேசையில் இருந்த விடைத்தாள் கட்டிலிருந்து நான்கை எடுத்துப் புரட்டினார். ஒன்றும் டபிள்யூ அல்ல. "11ஆம் தரத்தின் கணித நிலை திருப்திகரம்" என்று எழுதிக் கையொப்பமிட்டுவிட்டுப் போய்விட்டார். அதிபருக்கு முகம் மலர்ந்தது. என் கடிதம் கோப்புக்குள் போனது. "அவரே திருப்தி என்று எழுதிவிட்டார், பிறகெதற்கு மேலதிக வகுப்பு?" என்கிறார்.

ஆசிரியர் அறையில் நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு தாள் டபிள்யூ ஆகாமல் இருக்க வாய்ப்பு 24/32, அதாவது 0.75. நான்கு தாள் என்பதால் 0.75 ஐ நான்கு தடவை பெருக்கினேன்: 0.3164. விஞ்ஞான ஆசிரியை அது பிழை, 0.2955 தான் விடை என்கிறார். இருவரில் யார் சரி? அதோடு, 30 வீதம் என்பது ஆச்சரியப்பட வேண்டிய அளவா, இல்லையா?

ஏ9 வழிப்போக்கன்
வெள்ளி, இரவு 8.31

விஞ்ஞான ஆசிரியை சொன்னதே சரி. நீங்கள் கணித ஆசிரியர் என்பதை அவருக்கு நினைவூட்டாமல் இருப்பது நல்லது.

அதிகாரி முதல் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு மீண்டும் கட்டுக்குள் செருகிக் கலக்கினாரா? இல்லை. பக்கத்தில் வைத்தார். ஆகவே இரண்டாம் தாளை எடுக்கும்போது கட்டில் 31 தான் மிச்சம். முதலாவது டபிள்யூ அல்ல என்றால், டபிள்யூ அல்லாதவை 23 ஆகக் குறைந்துவிட்டன. இப்படியே போனால்:

24/32 × 23/31 × 22/30 × 21/29 = 255024 / 863040 = 0.2955

உங்கள் கணக்கு ஒவ்வொரு தாளையும் திரும்ப வைப்பவருக்கு உரியது. அப்படிச் செய்தால் ஒரே பிள்ளையின் தாளை நான்கு தடவையும் எடுத்துவிட முடியும். எந்த மேற்பார்வையாளரும் அப்படிச் செய்வதில்லை.

முறிகண்டிக் கச்சான்
வெள்ளி, இரவு 8.44

எனக்குக் கணிதம் ஓடாது. ஆனாலும் இது விளங்குகிறது. முறிகண்டிப் பிள்ளையாரடியில் பஸ் நிற்கும்போது ஒரு சரை கச்சான் வாங்குகிறோம். அதற்குள் இரண்டு கசந்த கொட்டை இருக்கிறது. தின்றதைத் திரும்பச் சரைக்குள் போட முடியாதல்லவா? கசப்பு இன்னும் வரவில்லை என்றால், மிஞ்சிய கச்சானில் அது நெருங்கிக்கொண்டே இருக்கிறது. மாங்குளம் வருவதற்குள் அகப்பட்டே தீரும்.

ஏ9 வழிப்போக்கன்
வெள்ளி, இரவு 8.47

நீங்கள் கணிதம் ஓடாது என்று இனிமேல் சொல்லக் கூடாது.

இணைந்த கணிதக்காரி
வெள்ளி, இரவு 9.15

சேர், நான் கிளிநொச்சியில் உயர்தரம் படிக்கிறேன். இதைச் சேர்மானத்தால் செய்தால் பெருக்கல் வரிசையே தேவையில்லை. 32 தாள்களிலிருந்து 4 ஐத் தெரியக்கூடிய வழிகள் 35960. அவற்றில் டபிள்யூ இல்லாத வழிகள், 24 இலிருந்து 4 ஐத் தெரிவது, 10626. வகுத்தால் அதே 0.2955.

ஒரு நிகழ்ச்சியை மட்டும் பார்ப்பதைவிட முழுப் பரம்பலையும் பார்ப்பது நல்லது என்று எங்கள் ஆசிரியர் சொல்வார். போட்டுப் பார்த்தேன்:

டபிள்யூ ஒன்றும் இல்லை: 10626 வழிகள், 29.5 வீதம்
ஒன்று: 8 × 2024 = 16192, 45.0 வீதம்
இரண்டு: 28 × 276 = 7728, 21.5 வீதம்
மூன்று: 56 × 24 = 1344, 3.7 வீதம்
நான்கும்: 70, 0.2 வீதம்

எல்லாவற்றையும் கூட்டினால் 35960 வருகிறது, ஆகவே எங்கும் தவறவில்லை. ஒன்று வருவதற்கே கூடுதல் வாய்ப்பு. ஆனால் ஒன்றும் வராமல் போவதும் பத்துக்கு மூன்று தடவை நடக்கும். அதிகாரி ஏமாற்றினார் என்று இதைக் கொண்டு சொல்ல முடியாது.

துணுக்காய்க் கணக்கு
வெள்ளி, இரவு 9.40

நன்றி தங்கச்சி. தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் இரண்டாம் வரி எனக்கு இடிக்கிறது. சரியாக ஒரு டபிள்யூ வருவதற்கு நான் போட்டது: 8/32 × 24/31 × 23/30 × 22/29. விடை 0.1126. உங்களுக்கு 0.45 வருகிறது. எங்கே பிசகினேன்?

இளைப்பாறிய சுண்ணக்கட்டி
சனி, காலை 5.50

தம்பி, நீர் போட்டது பிழையல்ல, அரைகுறை. முதலாவது தாள் டபிள்யூ, மற்ற மூன்றும் அல்ல என்ற ஒரேயொரு வரிசைக்கு மட்டும் அந்த 0.1126. டபிள்யூ இரண்டாவதாக வரலாம், மூன்றாவதாக வரலாம், நான்காவதாகவும் வரலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எழுதிப் பாரும். தொகுதியில் 8, 24, 23, 22 இடம் மாறி நிற்கும். பகுதி எப்போதும் 32, 31, 30, 29. பெருக்கத்துக்கு இடம் மாறினால் என்ன? நான்கும் ஒரே எண். நான்கால் பெருக்கினால் 0.4503.

என் ஆசிரிய வாழ்வில் பிள்ளைகள் அதிகம் விட்ட பிழை இதுதான். மரவரிப்படத்தில் ஒரு கிளையில் ஏறிப் போய்விட்டு மற்றக் கிளைகளை மறந்துவிடுவார்கள். 96 இல் இடம்பெயர்ந்து வந்து மரத்தடியில் வகுப்பு நடத்தினோம். கரும்பலகை ஒன்றுதான், அதுவும் நான்கு வகுப்புக்குப் பொது. அப்போது புளியங்கொட்டைதான் எனக்குக் கைகொடுத்தது. சில கொட்டைகளின் ஒரு பக்கத்தைக் கல்லில் உரைத்தால் வெள்ளை தெரியும். அவற்றை மற்றவையோடு கலந்து ஒரு பைக்குள் போட்டு, பார்க்காமல் நான்கு எடுக்கச் சொல்வேன். நூறு தடவை எடுத்து எண்ணிய பிள்ளைக்குச் சூத்திரம் தேவைப்படவில்லை, எதைப் பெருக்குகிறோம் என்பதைக் கை அறிந்திருந்தது.

குளக்கட்டு
சனி, காலை 7.20

வயலுக்குப் போகும் முன் வாசித்தேன். எனக்கொரு பழைய வழக்கு இருக்கிறது, தீர்த்துவையுங்கள்.

ஒரு சிறுபோகம் குளத்தில் நீர் போதவில்லை. எங்கள் வாய்க்காலில் 12 பேர், 5 பேருக்குத்தான் தண்ணீர். குலுக்கல் வைத்தோம். 12 துண்டு, ஐந்தில் "தண்ணீர்" என்று எழுதியது. ஆளுக்கொன்று எடுக்க வேண்டும், எடுத்ததைத் திரும்பப் போடக்கூடாது. என்னைக் கடைசியில் நிறுத்தினார்கள். எனக்குக் கிடைக்கவில்லை. முன்னுக்கு நின்றவர்கள் நல்லதை அள்ளிக்கொண்டு போனார்கள், எனக்கு வந்தது மிச்சம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். நியாயமா, இல்லையா?

இணைந்த கணிதக்காரி
சனி, காலை 8.05

மாமா, மன்னித்துக்கொள்ளுங்கள், நியாயம்தான்.

முதலாமவருக்கு வாய்ப்பு 5/12. இரண்டாமவருக்கு இரண்டு வழி இருக்கிறது. முதலாமவர் தண்ணீரை எடுத்துவிட்டால் இவருக்கு 4/11. எடுக்காவிட்டால் 5/11. இரண்டையும் நிறுத்துக் கூட்ட வேண்டும்:

5/12 × 4/11 + 7/12 × 5/11 = 55/132 = 5/12

அதே எண். மூன்றாமவருக்கும் பன்னிரண்டாமவருக்கும் இப்படித்தான் வரும். முன்னுக்கு நிற்பவர் நல்லதை அள்ளிப் போகக்கூடும் என்பது உண்மை, ஆனால் அவர் கெட்டதையும் அள்ளிப் போகக்கூடும். நீங்கள் முதல் பாதியை மட்டும் நினைவில் வைத்திருக்கிறீர்கள்.

ஏ9 வழிப்போக்கன்
சனி, காலை 8.22

இன்னும் குறுக்கு வழி: 12 துண்டையும் கலக்கி வரிசையாக நிலத்தில் வையுங்கள். கடைசித் துண்டில் "தண்ணீர்" இருக்கும் வாய்ப்பு முதல் துண்டில் இருப்பதைவிட ஏன் குறைய வேண்டும்? துண்டுக்குத் தான் எத்தனையாவது என்று தெரியாது.

ஒன்று மட்டும் வேறு. ஒவ்வொருவரும் எடுத்தவுடன் உரக்கச் சொல்லிக்கொண்டே போனால், உங்கள் முறை வரும்போது வாய்ப்பு மாறியிருக்கும். ஐந்தும் போய்விட்டது என்று தெரிந்த பிறகு நீங்கள் எடுப்பது வெறும் சடங்கு. மாறியது உங்களுக்குத் தெரிந்த செய்தி. குலுக்கல் தொடங்கும்போது எல்லோருக்கும் 5/12.

குளக்கட்டு
சனி, காலை 8.30

அப்படியே சொல்லிக்கொண்டுதான் எடுத்தார்கள். ஒன்பதாவது ஆளோடு ஐந்தும் முடிந்துவிட்டது. பிறகும் மூன்று பேர் பைக்குள் கை விட்டோம். கணக்குச் சரியாக இருக்கலாம், மனம் ஒப்பவில்லை. போய்வருகிறேன்.

ஏ9 வழிப்போக்கன்
சனி, காலை 9.10

மாமாவின் வழக்கிலிருந்து ஒரு கேள்வி எழுகிறது. இதில் என் பல்கலைக்கழக நண்பர்களே வழுக்கி விழுந்திருக்கிறார்கள்.

அதிகாரி எடுத்த நான்கு தாளை நாம் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டிப் பார்த்த ஒருவர் வந்து, "நான்கில் குறைந்தது ஒன்று டபிள்யூ" என்கிறார். இரண்டாவது டபிள்யூவும் இருக்க வாய்ப்பு எவ்வளவு? வேறொரு நாள் இன்னொருவர் வந்து, "முதலில் எடுத்த தாள் டபிள்யூ" என்கிறார். இப்போது இரண்டாவதும் இருக்க வாய்ப்பு எவ்வளவு? இரண்டு பேரும் ஒரே செய்தியைத்தானே சொல்கிறார்கள்?

இணைந்த கணிதக்காரி
சனி, காலை 9.55

இல்லை, வேறு வேறு. எனக்கே நம்பமுடியாமல் இரண்டு தடவை போட்டேன்.

முதலாவது செய்தி: குறைந்தது ஒன்று உள்ள வழிகள் 35960 − 10626 = 25334. இரண்டு அல்லது அதற்கு மேல் உள்ளவை 7728 + 1344 + 70 = 9142. வகுத்தால் 0.361.

இரண்டாவது செய்தி: முதல் தாள் டபிள்யூ என்றால் மிச்சம் 31 இல் 7 டபிள்யூ. இன்னும் மூன்று தாள் எடுக்கிறார். மூன்றிலும் இல்லாமல் போக 2024/4495. ஆகவே குறைந்தது ஒன்று வர 0.550.

36 வீதம் எங்கே, 55 வீதம் எங்கே! ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

இளைப்பாறிய சுண்ணக்கட்டி
சனி, முற்பகல் 11.30

கணக்கு முத்துப் போல இருக்கிறது பிள்ளை. ஏன் என்பதற்கு இரண்டு படலையைக் கற்பனை செய்யும்.

"குறைந்தது ஒன்று" என்ற படலையால் ஒரு டபிள்யூ உள்ள 16192 தொகுதிகளும் தடையின்றி உள்ளே வந்துவிடுகின்றன. கூட்டத்தில் பெரும்பான்மை அவைதான். "முதல் தாளே டபிள்யூ" என்ற படலை இறுக்கமானது. நான்கு தாளில் ஒன்றே டபிள்யூ என்றால் அது முதலாவதாக வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஆகவே 16192 இல் காற்பங்கு, 4048 தான் நுழையும். இரண்டு உள்ளவற்றில் அரைப்பங்கு நுழையும், 3864. மூன்று உள்ளவற்றில் முக்காற்பங்கு, 1008. நான்கும் டபிள்யூ ஆன 70 உம் முழுதாக நுழையும். கூட்டினால் 8990. அதில் 4942 இல் இரண்டு அல்லது அதற்கு மேல் இருக்கின்றன. 4942/8990, அதே 0.550.

இறுக்கமான படலை ஒற்றை டபிள்யூக்களை வடித்துவிடுகிறது. ஊரில் ஒருவர் வந்து ஒரு செய்தி சொன்னால் அவர் எதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார் என்று கேட்பது இதற்காகத்தான்.

நெடுங்கேணியான்
சனி, பகல் 12.15

எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் நீங்கள் 0.2955 என்று நிரூபித்தாலும் அந்த எட்டுப் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும்? மேற்பார்வை என்பது தேநீர், வடை, கையொப்பம். முடிவு முதலே எழுதியாயிற்று. எண்ணிக்கொண்டிருப்பது நம் பொழுதுபோக்கு.

துணுக்காய்க் கணக்கு
சனி, பகல் 12.40

அண்ணா, வடை இருக்கவில்லை. பிஸ்கட் மட்டும்.

கேலியை விடுங்கள். அதிபர் கெட்ட மனிதர் அல்ல. எண்ணைக் காட்டினால் கேட்பார். "நான்கு தாள் போதாது" என்று சொன்னால், "சரி, எத்தனை பார்த்திருக்க வேண்டும்?" என்று திருப்பிக் கேட்பார். அதற்கு என்னிடம் விடை வேண்டும்.

ஏ9 வழிப்போக்கன்
சனி, பிற்பகல் 1.30

நல்ல கேள்வி. குறைந்தது ஒரு டபிள்யூவையாவது கண்டுபிடிக்க 90 வீத வாய்ப்பு வேண்டும் என்று வைப்போம். பெருக்கலைத் தொடருங்கள்.

5 தாள்: ஒன்றும் அகப்படாத வாய்ப்பு 0.211
6 தாள்: 0.149
7 தாள்: 0.103
8 தாள்: 0.070

ஏழில் மயிரிழையில் தவறுகிறது, 89.7 வீதம். எட்டில் 93 வீதம். ஆகவே எட்டு. நான்கின் இருமடங்குதான், பத்து நிமிட வேலை.

திரும்ப வைத்து எடுத்தால் எட்டிலும் மயிரிழையில் தவறும், ஒன்பது வேண்டும். இன்னொரு வேறுபாடு எனக்குப் பிடித்தது: திரும்ப வைக்காமல் 25 தாள் எடுத்தால் டபிள்யூ ஒன்று அகப்பட்டே ஆக வேண்டும், ஏனென்றால் மற்றவை 24 தான். கச்சான்காரர் சொன்ன "அகப்பட்டே தீரும்" இதுதான். திரும்ப வைத்துக்கொண்டிருந்தால் ஆயிரம் தடவை எடுத்தாலும் உறுதி கிடையாது.

எதிர்ப்பக்கமும் சொல்லிவிடுகிறேன். இதே விகிதத்தில் 3200 தாள், அதில் 800 டபிள்யூ இருந்தால், நான்கு எடுக்கும்போது திரும்ப வைத்தாலும் 31.6 வீதம், வைக்காவிட்டாலும் 31.6 வீதம். வேறுபாடு நான்காம் தசமதானத்தில்தான். கட்டு பெரிதென்றால் உங்கள் 0.75 போதும். வகுப்பு சிறிதென்பதால்தான் ஆசிரியை வென்றார்.

நீர்மாதிரி
சனி, மாலை 4.20

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் குடிநீர் பரிசோதனையோடு தொடர்புள்ள வேலை செய்பவன். வவுனியாப் பக்கம் நிறைய அலைந்திருக்கிறேன். உங்கள் விடைத்தாள் கதை எங்கள் கிணற்றுக் கதையாகவே இருக்கிறது.

புளோரைட்டுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். அதற்கு மேல் பல வருடம் குடித்தால் பிள்ளைகளின் பல்லில் கறை விழும். இன்னும் கூடினால் எலும்பையும் தாக்கும். ஒரு கிராமத்தில் 20 கிணறு, அதில் 5 இல் அளவு கூடுதல் என்று கொள்ளுங்கள். மூன்று கிணற்றில் மட்டும் நீர் எடுத்தால் மூன்றும் நல்லதாக அமைய 455/1140, ஏறத்தாழ 40 வீதம். மூன்று போத்தலோடு திரும்பிவந்து "இந்தக் கிராமத்தில் பிரச்சினை இல்லை" என்று எழுதுபவர் பத்துக்கு நான்கு தடவை பிழையாக எழுதுவார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. இந்த 40 வீதம், மூன்று கிணறும் எழுமாறாகத் தெரியப்பட்டால் மட்டும். நடைமுறையில் என்ன நடக்கிறது? வாகனம் போகக்கூடிய தெருவோரக் கிணறுகளில் எடுப்பார்கள். நாய் கட்டியிருக்கும் வீட்டுக்குள் போகமாட்டார்கள். மதிய வெயிலில் காட்டுக் கரைக்கு நடக்கமாட்டார்கள். ஆழ்துளைக் குழாய்க்கிணறும் வீட்டு முற்றத்துத் திறந்த கிணறும் ஒரே மண்ணின் நீரைத் தருவதில்லை. பாறைக்குள் நெடுங்காலம் நின்ற நீரில் புளோரைட் கூடுதலாகக் கரைந்திருக்கும். தெருவோரத்தில் ஒரு வகைக் கிணறுதான் இருக்கிறது என்றால் உங்கள் சேர்மானச் சூத்திரத்தைக் குப்பையில் போடலாம்.

நெடுங்கேணியான்
சனி, மாலை 4.35

இதைத்தான் நானும் வேறு மொழியில் சொன்னேன்.

நீர்மாதிரி
சனி, மாலை 4.41

இல்லை, நீங்கள் எண்ண வேண்டாம் என்றீர்கள். நான் எடுக்கும் கையைப் பார்த்துவிட்டு எண்ணுங்கள் என்கிறேன்.

இளைப்பாறிய சுண்ணக்கட்டி
சனி, இரவு 7.05

நீர்மாதிரி சொன்னதை வாசித்துவிட்டு இரண்டு மணிநேரம் முற்றத்தில் உலாவினேன்.

இந்தவகைக் கணக்கு இன்று நேற்று வந்ததல்ல. 1657 இல் ஒல்லாந்தரான ஹைகன்ஸ் சூதாட்டக் கணக்குகள் பற்றிய தம் நூலின் முடிவில் ஐந்து பயிற்சிகளை விட்டுச் சென்றார். அதில் ஒன்று: 40 சீட்டு, நான்கு வகை, வகைக்குப் பத்து. நான்கு சீட்டு எடுத்தால் வகைக்கொன்றாக வர எவ்வளவு? 10000 ஐ 91390 ஆல் வகுக்க வேண்டும். 11 வீதத்துக்குச் சற்றுக் குறைவு. இன்னொன்று: நான்கு வெள்ளை, எட்டுக் கறுப்பு வில்லைகள். கண்ணைக் கட்டி ஏழு எடுத்தால் சரியாக மூன்று வெள்ளை வர 35/99. கண்ணைக் கட்டி என்று அவர் சொன்னதைக் கவனியுங்கள். அந்த மனிதர் முதலிலேயே கையைக் கட்டிப்போட்டுவிட்டார்.

தம்பி, நாம் ஒரு நாள் முழுக்க 0.2955 ஐச் சுற்றி வந்தோம். இரண்டு கேள்வியை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தக் கட்டு எந்த ஒழுங்கில் அடுக்கப்பட்டிருந்தது? அவர் எடுத்த நான்கு தாளும் என்னென்ன தரம்?

துணுக்காய்க் கணக்கு
சனி, இரவு 8.50

சேர், இந்தக் கேள்வியை வாசித்தபோது வியர்த்துவிட்டது.

புள்ளிப் பதிவேட்டில் ஏற்றுவதற்காகக் கட்டை நானே புள்ளி ஒழுங்கில் அடுக்கியிருந்தேன், கூடியது மேலே. அதிகாரி மேலிருந்து நான்கை எடுத்தார்.

நான்கும் ஏ.

இணைந்த கணிதக்காரி
சனி, இரவு 8.58

வகுப்பில் மொத்தமே நான்கு ஏ. அப்படியென்றால் 35960 வழிகளில் ஒரே ஒரு வழி!

சேர், இதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் நான் நேற்று இரவு நித்திரை கொண்டிருப்பேன்.

ஏ9 வழிப்போக்கன்
சனி, இரவு 9.06

"டபிள்யூ இல்லை" என்று நீங்கள் சுருக்கிச் சொன்னதில் முக்கியமான தகவல் அமுங்கிப்போயிற்று. நான்கும் டபிள்யூ அல்ல என்பது 30 வீதம், யாருக்கும் சந்தேகம் வராது. நான்கும் ஏ என்பது எழுமாறாக எடுத்தால் முப்பத்தாறாயிரத்தில் ஒன்று. எழுமாறாக எடுக்கப்படவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அடுக்கிய கட்டின் மேற்பகுதியை எடுத்தால் டபிள்யூ வராத வாய்ப்பு 1. எட்டுத் தாள் பார்த்திருந்தாலும் பி தரத்தோடு நின்றிருப்பார். நான் பெருமையாகப் போட்ட "எட்டுத் தாள் போதும்" கணக்கும் உங்கள் கட்டில் செல்லாது. இருபத்தைந்தாவது தாள் வரை டபிள்யூ கண்ணில் படாது.

நெடுங்கேணியான்
சனி, இரவு 9.20

ஆகவே குற்றவாளி அதிகாரி அல்ல, கட்டை அழகாக அடுக்கிய ஆசிரியர்! நான் எதிர்பார்க்காத முடிவு. என் வடையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

நீர்மாதிரி
சனி, இரவு 9.34

அவரும் கேட்டிருக்கலாம், இவரும் சொல்லியிருக்கலாம். அடுத்த தடவை செய்யக்கூடியது எளிது: வரவுப் பதிவேட்டு இலக்கம் 1 முதல் 32 வரை துண்டில் எழுதிக் குலுக்கி, வருகிற இலக்கத்துக்குரிய தாளை எடுக்கக் கொடுங்கள். நாங்கள் கிணறுகளுக்கு இலக்கமிடுவது அப்படித்தான். காட்டுக்கரைக் கிணற்றின் இலக்கம் விழுந்தால் நடந்துதான் போக வேண்டும்.

குளக்கட்டு
சனி, இரவு 9.50

குலுக்கும்போது பையை நன்றாகக் கலக்குங்கள். எங்கள் குலுக்கலில் துண்டுகளைக் கலக்கியது யார் என்று இப்போது யோசிக்கிறேன்.

துணுக்காய்க் கணக்கு
அடுத்த வியாழன், இரவு 8.15

என்ன நடந்தது என்று சொல்லாமல் போனால் சரியில்லை.

திங்கட்கிழமை அதிபரிடம் போனேன். கட்டை நான் அடுக்கிய விதத்தை முதலில் ஒப்புக்கொண்டேன். பிறகு தரவாரியான எண்ணிக்கையையும் 35960 ஐயும் ஒரே தாளில் எழுதிக் காட்டினேன். சேர்மானம் அவருக்கு நினைவில்லை, அவர் வரலாறு படித்தவர். ஆனால் "எடுத்த நான்கும் வகுப்பின் முதல் நான்கு பிள்ளைகளுடையது" என்றவுடன் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். மேற்பார்வைக் குறிப்பை மாற்ற முடியாது, அது மாற்றவேண்டியதும் இல்லை என்றார். என் கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்து அனுமதி எழுதினார். திங்களும் புதனும், பாடசாலை முடிந்து ஒன்றரை மணிநேரம்.

நேற்று முதல் வகுப்பு. எட்டில் ஆறு பேர் வந்தார்கள். மற்ற இருவரும் பஸ்ஸில் வருகிறவர்கள், பிந்தினால் திரும்பிப் போக வழியில்லை. அவர்களுக்குக் காலையில் வேறு நேரம் பார்க்க வேண்டும்.

சுண்ணக்கட்டி சேர், புளியங்கொட்டை கொண்டு போனேன். 32 கொட்டை, எட்டை உரைத்து வெள்ளையாக்கினேன். ஒரு மாலை முழுக்கப் போய்விட்டது, பெருவிரல் தோலும் போய்விட்டது. நீங்கள் எந்தக் கல்லில் உரைத்தீர்கள்?

இளைப்பாறிய சுண்ணக்கட்டி
வியாழன், இரவு 8.40

கிணற்றுக்கட்டில். தண்ணீர் தெளித்துக்கொண்டு உரைக்க வேண்டும் தம்பி.